தண்ணி ரூம் அன்னக்கொடி

“கையைக் காட்டுங்க. அப்பிடியில்ல, திருப்பி. மோதிரத்தைக் கழட்டுங்க. ம்… சோப்பு அங்கன இருக்கு, முழங்கை வரைக்கும் தேச்சுக் கழுவிட்டு வாங்க.”

கதவில் முக்கால் பாகத்தைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு அன்னக்கொடி இதைச் சொல்லும்போது எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டாள். கையைத்தான் பார்ப்பாள். கொட்டாம்பட்டியில் கடலைக்காட்டில் களையெடுத்த கையும் ஒன்றுதான், கே.கே. நகரிலிருந்து காரில் வந்து இறங்கிய கையும் ஒன்றுதான். ஒருமுறை ஆஸ்பத்திரி டிரஸ்டின் செயலாளர் தெய்வசிகாமணி, ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரை அந்த அறையைச் சுற்றிக் காட்டுவதற்காக அழைத்து வந்தார். அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். “நகம் வளந்திருக்கு சார். வெட்டிட்டு நாளைக்கு வாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தெய்வசிகாமணி சிரிக்கவில்லை.

தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற சாலையில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் அதன் மாடியில் இரண்டே கட்டில் போட்டு ஓர் அறை திறந்தார்கள். ‘சிறுநீரகச் சிகிச்சைப் பிரிவு’ என்று நீலப் பலகை மாட்டினார்கள். அதை வாசித்தவர் யாருமில்லை. சனங்களுக்கு அது தண்ணி ரூம். “தண்ணி ரூமுக்கு எப்பிடிப் போகணும்?” என்றுதான் கேட்பார்கள்.

பாம்பு கடித்து, பேதியில் உடம்பு வற்றி, பிரசவத்தில் ரத்தம் கொட்டி, எப்படியோ மூத்திரம் நின்றுபோனவர்கள் அங்கே வருவார்கள். முகம் வீங்கி, மூச்சு வாங்கி, பிதற்றிக்கொண்டு வருவார்கள். தொப்புளுக்குக் கீழே சின்னத் துளை போட்டு டாக்டர் ஒரு குழாயைச் செருகுவார். அதற்குப் பிறகு எல்லாம் நர்சின் பாடு. மருந்துத் தண்ணீர் பாட்டிலை வெந்நீர் வாளியில் வைத்து வெதுவெதுப்பாக்கித் தொங்கவிட வேண்டும். அது வயிற்றுக்குள் இறங்கிக் கொஞ்ச நேரம் தங்கி, ரத்தத்தில் சேர்ந்த கழிவை இழுத்துக்கொண்டதும், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பாட்டிலில் வடியவிட வேண்டும். உடனே அடுத்த பாட்டில். பகலும் இரவும் இதே வேலை. உள்ளேயிருக்கும் கிட்னி படுத்துவிட்டது. அது தேறி எழுந்திருக்கிற வரைக்கும் அந்த ஆளுக்கு நர்சின் கைதான் கிட்னி.

அந்தக் கை சுத்தமாக இருக்க வேண்டும். குழாயின் மறுமுனை நேராக வயிற்றுக்குள் திறந்து கிடக்கிறது. அதில் ஒரு துளி அழுக்கு போனால் போதும். பாம்பிடம் தப்பித்தவன் ஆஸ்பத்திரியில் சாவான்.

இது அன்னக்கொடிக்குத் தெரிந்த அளவுக்கு டாக்டருக்கும் தெரியும், மேட்ரனுக்கும் தெரியும். அவளுடைய ஆத்திரமே அதுதான். தெரியாமல் செய்கிறவர்களை அவள் திட்டியதில்லை. தெரிந்தே கண்ணை மூடிக்கொள்கிறவர்களைத்தான் அவளால் பொறுக்க முடியாது.

ஆள் குட்டை. தடித்த மணிக்கட்டு. நர்ஸ் குல்லாய் அவள் கொண்டையில் ஒருநாளும் நேராக நின்றதில்லை. செக்கானூரணிப் பக்கம் மானாவாரிக் காட்டுக் குடும்பத்தில் பிறந்து, சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுகிற குரலோடு நர்சிங் படிக்க வந்தவள். ஆஸ்பத்திரியில் மெதுவாகப் பேச வேண்டும் என்று முப்பது வருஷமாகச் சொல்லிப் பார்த்தும் அந்தக் குரல் இறங்கவில்லை. அவளை ஒரு வருஷம் சென்னைக்கு அனுப்பி இந்த வேலையைக் கற்றுவரச் செய்தது டிரஸ்டுதான். இதை அவள் மறந்ததில்லை. அவர்களும் மறக்கவிட்டதில்லை.

அவளிடம் ஒரு வினோதம் உண்டு. தண்ணி ரூமுக்குள் தண்ணீர் குடிக்க மாட்டாள். மூத்திரம் பிரியாத நோயாளிக்கு நாள் முழுவதற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் அனுமதி. சித்திரை வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டு அவர்கள் கெஞ்சுவார்கள். “ஒரு மொடக்குத் தாயி” என்று காலைப் பிடிப்பார்கள். ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிட்டு அவள் மறுப்பாள். மறுத்துவிட்டு அவர்கள் கண்முன்னால் தான் குடிப்பது எப்படி? மாடிப்படிக்குக் கீழே இறங்கிப்போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு குடித்துவிட்டு வருவாள். தன்னிடம் வேலை கற்கும் பெண்களுக்கும் அதுவே சட்டம்.

அவள் கற்றுக்கொடுக்கிற விதமும் தனி. புதிதாக வரும் பெண்ணுக்கு முதல் நாள் பாட்டிலையோ குழாயையோ காட்ட மாட்டாள். “கட்டில்ல படு” என்பாள். வயிற்றின் மேல் ஒரு குழாயை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டிவிடுவாள். “அசையாத. புரண்டு படுக்கக் கூடாது. மத்தியானம் வரைக்கும் கெட.” பெண் சிரித்துக்கொண்டு படுப்பாள். கொஞ்ச நேரத்தில் முதுகு அரிக்கும், இடுப்பு கடுக்கும், விசிறி நின்றுபோகும், தாகமெடுக்கும். பிறகு அழுகை வந்துவிடும். “எந்திரி. இப்பக் கேளு. இந்தக் கட்டில்ல கெடக்குறவுக ஏன் கத்துறாகன்னு இனிமே நீ கேக்க மாட்டீல்ல?” என்பாள். அதற்குப் பிறகுதான் பாடம். வடிகிற தண்ணீர் பதநீர் மாதிரித் தெளிந்திருந்தால் நல்லது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரிக் கலங்கியிருந்தால் ஆபத்து. அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிட வேண்டும். “நீ தப்புப் பண்ணிட்டா என்னையத் தேடி வந்து சொல்லு. திட்டுவேன். ஆனா அதோட போச்சு. சொல்லாம மறைச்சேன்னு வையி, பாவம் உன் தலையில.”

இப்படி அவள் நான்கு பெண்களைத் தயார் செய்திருந்தாள். ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு அந்த அறையை ஓட்டினார்கள். அவர்களில் மூத்தவள் ஸ்யாமளா, வடிகிற தண்ணீரின் சத்தத்தை வைத்தே குழாய் அடைத்திருப்பதைச் சொல்லிவிடுவாள்.

விடுமுறை நாளில் அன்னக்கொடி வீட்டில் இருக்க மாட்டாள். பஸ் பிடித்துக் கொட்டாம்பட்டிப் பக்கம் போவாள். பிழைத்துப் போனவர்களைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்வாள். போய்க் கடலைக்காட்டு வரப்பில் நின்று கத்துவாள்: “பாம்பு கடிச்சா மந்திரிச்சுட்டு ஒக்காராதீக. ஊசி போட்டாச்சு, பொழைச்சாச்சுன்னும் விட்டுறாதீக. மூத்திரம் போகுதான்னு பாருங்க. ஒரு நாப்பொழுது போகலைன்னா பஸ் ஏறுங்க.” பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். “சிரிங்க, சிரிங்க. சிரிச்சுட்டு ஞாபகம் வச்சுக்கங்க” என்பாள். முன்பெல்லாம் முகம் ஊதி, சாகிற கட்டத்தில்தான் அங்கிருந்து ஆள் வரும். பிறகு நேரத்தோடு வர ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அறிவிப்புப் பலகையில் உத்தரவு ஏறியது. எல்லா நர்சுகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்டு மாற வேண்டும். ஒரே இடத்தில் வேரூன்றக் கூடாது. தண்ணி ரூமுக்கும் விலக்குக் கிடையாது. ஸ்யாமளா பிரசவ வார்டுக்கு. இன்னொருத்தி கண் பிரிவுக்கு. மற்ற இருவரும் கீழே புறநோயாளிகள் பக்கம். பொறுப்பு நர்ஸ் என்று அன்னக்கொடியை மட்டும் மாடியில் விட்டுவைத்தார்கள்.

அன்னக்கொடி மேட்ரனின் அறைக்குள் காற்றைப் போல நுழைந்தாள்.

மேட்ரன் பாகீரதி கெட்டவள் அல்ல. நிறைய வார்டு, குறைந்த நர்சுகள், தினம் ஒருத்தி லீவு என்று அல்லாடுகிறவள். “அன்னக்கொடி, உன் கஷ்டம் எனக்குப் புரியறது. ஆனா எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரியணும்னு செகரட்டரி நினைக்கிறார். அதுவும் நியாயந்தானே?”

“நியாயம்தாம்மா. அப்ப எல்லாத்துக்கும் கத்துக்குடுங்க. கத்துக்குடுத்துட்டு மாத்துங்க. கத்த புள்ளைகளைத் தூக்கிட்டுக் கத்துக்காத புள்ளையக் கொண்டாந்து வச்சா, படுத்துக் கெடக்கவன் என்ன செய்வான்?”

“புதுசா வர்றவாளுக்கு நீ சொல்லிக் குடேன்.”

“எம்புட்டு நேரத்துல? காலைல வந்து நின்னு, ‘எந்தக் குழாய் சிஸ்டர்’ன்னு கேக்குற புள்ளைக்கு, பாட்டில் தீர்றதுக்குள்ள சொல்லிக்குடுத்துர முடியுமா?”

பாகீரதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். “என் கையிலே இல்லைடி” என்றாள். அது உண்மை. அந்த உண்மை அன்னக்கொடியை இன்னும் கொதிக்க வைத்தது. கையெழுத்துப் போட்ட கை அதுதானே! யாரைக் கேட்டாலும் தன் கையில் இல்லை என்கிறார்கள். டாக்டரிடம் போனாள். நல்ல மனிதர், இளவயசு. “நான் சொல்லிப் பார்க்கிறேன் சிஸ்டர்” என்றார். சொல்லிப் பார்க்கவில்லை. அல்லது சொல்லியும் மேலே இருப்பவர்கள் கேட்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

காளை என்ற இளைஞன் அந்த வாரத்தில் வந்து சேர்ந்தான். கொட்டாம்பட்டிக்கு உள்ளே ஒரு சிற்றூர். கதிரறுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்தது. ஊசி போட்டு விஷம் இறங்கிவிட்டது. மூத்திரம் மட்டும் நின்றது. அவனுடைய அண்ணன் சோலைதான் அவனை பஸ்ஸில் மடியில் கிடத்திக் கொண்டுவந்தார். “நீங்க வரப்புல நின்னு சொன்னீகளே, அதை என் பொஞ்சாதி கேட்டுருக்கா. அவதான் வெரட்டுனா” என்றார். அன்னக்கொடிக்கு நெஞ்சு நிறைந்தது. “கரெக்டான நேரத்துல கொண்டாந்துட்டீக அண்ணே. தண்ணி ஓட்டிப் பொழைக்க வச்சுருவோம்” என்றாள். அவள் வாயால் அப்படி வாக்குக் கொடுப்பது அபூர்வம்.

குழாய் போட்டதும் காளை தேற ஆரம்பித்தான். பிதற்றல் நின்றது. “சிஸ்டர், எனக்குப் பசிக்கிது” என்றான். வடிகிற தண்ணீர் தெளிவாக இருந்தது. அன்னக்கொடி தன்னால் ஆன மட்டும் கூடவே இருந்தாள். ஆனால் ஒருத்தி எத்தனை பொழுதுதான் நிற்க முடியும்? அவள் வீட்டுக்குப் போய்த் தலைசாய்த்த ஒரு முற்பகலில், குழந்தைகள் வார்டிலிருந்து தங்கப்பொண்ணு என்ற பெண்ணைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்கள். படிப்பு முடிந்து அப்போதுதான் வேலையில் சேர்ந்தவள். தண்ணி ரூமை அவள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் வாந்தியெடுத்தாள். தங்கப்பொண்ணு கையிலிருந்த குழாய் முனையைப் படுக்கை விரிப்பின் மேல் வைத்துவிட்டு அங்கே ஓடினாள். திரும்பி வந்து எடுத்து அப்படியே செருகினாள்.

அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் வடிந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. அன்னக்கொடி பாட்டிலைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தங்கப்பொண்ணு பின்னாலேயே வந்து நின்றாள். “சிஸ்டர், நேத்து நான் குழாய் முனையைப் படுக்கையிலே வச்சுட்டேன். அது தப்பா சிஸ்டர்?” என்று கேட்டாள்.

அன்னக்கொடி அவளை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையால் தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் வீரியமான மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். காளையின் வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டு பகல் போராடி, மூன்றாம் நாள் மதியம், அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவன் போய்விட்டான். திரும்பி வந்த சோலையிடம், “விஷம் மறுபடி ஏறிருச்சு” என்று யாரோ சொன்னார்கள். அவர் நம்பினார். தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்.

சில நாள் கழித்துச் செயலாளர் அறையில் விசாரணை. தெய்வசிகாமணி நாற்காலியில். பக்கத்தில் பாகீரதி, டாக்டர். கதவோரம் தங்கப்பொண்ணு; அழுது அழுது முகம் அவளுக்கே அடையாளம் தெரியாதபடி இருந்தது.

“நடந்தது நடந்துபோச்சு” என்று தெய்வசிகாமணி தொடங்கினார். குரலை உயர்த்துகிற வழக்கமே இல்லாதவர். “இந்தப் பொண்ணே தப்பை ஒத்துக்கிட்டா. வேலையை விட்டு நிறுத்திடலாம். அன்னக்கொடி அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். நீங்க முறையாச் சொல்லிக் குடுத்தீங்க, அவ கவனிக்கலை. அவ்வளவுதான்.”

“நான் சொல்லியே குடுக்கலையே சார்.”

“சரி, அது…”

“சொல்லிக்குடுத்த புள்ளைகளை எல்லாம் நீங்க தூக்கிட்டீக. ஸ்யாமளா அங்க நின்னிருந்தா குழாய் படுக்கைக்குப் போயிருக்குமா? கேட்டுப் பாருங்க டாக்டரை.”

டாக்டர் மேசையைப் பார்த்தார்.

“வேலை தெரியாதவளை அங்க கொண்டாந்து நிறுத்தினது நானில்ல சார், இந்தப் புள்ளையும் இல்ல. இவ செஞ்ச ஒரே நல்ல காரியம், தானா வந்து உண்மையச் சொன்னது. அதுக்கு நீங்க இவளை வெளிய தள்ளுறீக. நாளைக்கு இன்னொரு புள்ள தப்புப் பண்ணுவா. பண்ணத்தான் செய்வா, மனுசிதானே. அவ வந்து சொல்லுவாளா? மூடி மறைப்பா. அதுக்கடுத்தவனும் சாவான். அவன் எதனால செத்தான்னுகூட நமக்குத் தெரியாது.”

“குரலைக் குறைங்க.”

“முடியாது சார். எனக்கு இதான் குரல்.”

தெய்வசிகாமணி பொறுமையாகச் சிரித்தார். “செத்தவனோட அண்ணனே ஒண்ணும் கேக்கலை. பாம்பு விஷம்னு நெனைச்சுக்கிட்டு அமைதியா இருக்கான். இப்பக்கூட இறப்புச் சான்றிதழ் வாங்கக் கீழேதான் உக்காந்திருக்கான். அவனுக்கில்லாத குறை உங்களுக்கு என்ன?”

அன்னக்கொடி தங்கப்பொண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். “எங்கே போறே?” என்று பாகீரதி பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது. படியிறங்கினாள்.

வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் சோலை உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. அவர் எதிரில் போய் நின்ற பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது.

“அண்ணே. உங்க தம்பி பாம்புக் கடியில சாகல. விஷம் ஏறவே இல்ல. நாங்க வச்ச குழாயில அழுக்குப் போயிருச்சு. அதுலதான் போனாரு.”

சோலை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தப் புள்ளைதான் அந்தப் பாட்டிலை மாத்துனா. அவளுக்கு வேலை தெரியாது. தெரியாதவளைக் கொண்டாந்து நிறுத்திட்டாக. தெரிஞ்சவுக நாலு பேரையும் வேற பக்கம் மாத்திப்புட்டாக. நான் வேணாம்னு சத்தம் போட்டேன். பத்தலை. உங்ககிட்ட பொழைக்க வச்சுருவோம்னு நான்தான் சொன்னேன். அதனால நானே சொல்றேன்.”

“அப்ப எந்தம்பி பொழைச்சிருப்பானா?”

“சத்தியம் பண்ண முடியாது. ஆனா பொழைச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு.”

மஞ்சள் பையை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தங்கப்பொண்ணை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. எழுந்தார். எதற்காக வந்தாரோ அதை வாங்கிக்கொள்ளாமலே கேட்டைத் தாண்டிப் போனார்.

அன்னக்கொடியின் கணவன் முத்திருளன் பஸ் கண்டக்டர். அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே, “வேலை போயிருமோ?” என்றான். “போனா ஆடு மேய்ப்பேன்” என்றாள் அவள். “உன் சத்தத்துக்கு ஆடும் நிக்காது” என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் டிரஸ்ட் உறுப்பினர்கள் கூடுகிற நாள். காலையில் கேட்டுக்கு எதிரே பஸ் நின்று, கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆட்கள் இறங்கினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள். அடுத்த பஸ்ஸிலும் வந்தார்கள். யாரும் கத்தவில்லை, கல்லெறியவில்லை. உறுப்பினர்களின் கார்கள் உள்ளே போகிற பாதையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் தண்ணி ரூமில் கிடந்து பிழைத்துப் போனவர்கள் பலர். செல்லத்தாய் என்று ஒருத்தி, பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் இருந்தாள்.

தெய்வசிகாமணி இறங்கி வந்தார். “என்னப்பா வேணும்? நஷ்ட ஈடா?”

சோலை எழுந்து நின்றார். “அது வேணாங்க. ஒண்ணு கேக்குறோம். அந்த ரூமுல வேலை தெரிஞ்ச புள்ளைகளைப் போடுங்க. போட்டா மாத்தாதீக.”

“அந்தப் பொண்ணை வேலையை விட்டு எடுத்துடறோம். போதுமா?”

“இல்லீங்க.” சோலையின் கழுத்து நரம்பு புடைத்தது. “அந்தப் புள்ள மேல எனக்கு ஆத்திரம் இல்லைன்னு சொன்னா அது பொய்யி. அவ மூஞ்சியப் பாக்க முடியல என்னால. ஆனா அவளை மட்டும் முன்னால தள்ளிவிட்டுட்டு நீங்க அம்புட்டுப் பேரும் பின்னால ஒளிஞ்சுக்கிறதுக்கு விடமாட்டேன்.”

தெய்வசிகாமணி திரும்பினார். “மேட்ரன், இவங்களுக்கு எடுத்துச் சொல்லி அனுப்புங்க.”

பாகீரதி படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள். “அவா சரியாத்தான் கேக்கறா சார்” என்றாள். “அந்த உத்தரவுலே கையெழுத்துப் போட்டது நான். போட்டிருக்கப்படாது.” சொல்லிவிட்டு உள்ளே போய், எல்லோர் கண்ணெதிரே, பலகையிலிருந்த தாளைக் கிழித்தாள்.

அதற்குமேல் தெய்வசிகாமணிக்கு வழியில்லை. உள்ளே வர முடியாமல் சாலையில் நின்ற கார்களிலிருந்து உறுப்பினர்கள் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்யாமளாவும் மற்ற மூவரும் மாடிக்குத் திரும்பினார்கள். தண்ணி ரூமில் பயிற்சி பெற்றவர்களை மாற்றக் கூடாது என்று விதி வந்தது. தங்கப்பொண்ணுக்கு வேலை போகவில்லை. அவளையும் அங்கேயே போட்டு, அசையாமல் படுக்க வைத்து, முதலிலிருந்து கற்றுக்கொடுத்தார்கள்.

கற்றுக்கொடுத்தது ஸ்யாமளா. அன்னக்கொடி அல்ல.

அன்னக்கொடியை மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரி விஷயத்தை வெளியாளிடம் பேசியதற்காகக் கீழ்த்தளத்துக் கண் பிரிவுக்கு. பயிற்சி பெற்றவர்களை மாற்றக் கூடாது என்ற விதி? அவள் பயிற்சி பெற்றவள் அல்ல, பயிற்சி கொடுப்பவள். ஆகையால் அவளுக்குப் பொருந்தாது என்றார்கள். இதைச் சொன்னவர் வாய் கூசியதாகத் தெரியவில்லை. மதுரை வட்டாரத்தில் அந்த வேலையை அவளைப்போல் கற்றவர் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அந்தக் கையில் சொட்டு மருந்துக் குப்பியைக் கொடுத்து, வரிசையில் வருகிறவர்கள் கண்ணில் ஊற்று என்று உட்கார வைத்தார்கள்.

“சண்டை போடுங்க சிஸ்டர்” என்றாள் ஸ்யாமளா.

“எனக்காகப் போட மாட்டேன். ரூமு இருக்குல்ல, ஓடட்டும்” என்றாள் அன்னக்கொடி. ஆனால் அவளுக்கு ஆறவில்லை. ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால் அது அவளை அறியாதவர்கள் பேச்சு. கண் பிரிவில் பஞ்சை உருட்டி வைக்கும்போதும் முனகிக்கொண்டே இருப்பாள். மதியச் சாப்பாட்டு வேளையில் மாடியிலிருந்து பெண்கள் இறங்கி வருவார்கள். மாடிப்படிக்கு அடியில் நின்று, குழாய் அடைத்ததையும் தண்ணீர் கலங்கியதையும் சொல்லி யோசனை கேட்டுப் போவார்கள். தங்கப்பொண்ணு வருகிற நாளில் மட்டும் அன்னக்கொடி தன் தூக்குவாளியைத் திறந்து பாதிச் சோற்றை அவள் பக்கம் தள்ளுவாள். இருவரும் காளையைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்படியே சில வருஷம் போயிற்று.

ஓர் ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை, வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார் தெய்வசிகாமணி. கண் மங்குகிறது, பேப்பர் வாசிக்க முடியவில்லை என்றார். வேறு நர்ஸ் இருக்கிறாளா என்று சுற்றிலும் பார்த்தார். இல்லை.

“மேல பாருங்க சார்” என்றாள் அன்னக்கொடி. இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டாள். “மூடிக்கங்க. டாக்டர் கூப்பிடுற வரைக்கும் தொறக்கக் கூடாது.”

அவர் கண்ணை மூடித் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். குப்பியை மூடிவிட்டு நிமிர்ந்தவள் அவர் பாதங்களைப் பார்த்தாள். செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. இமைகளும், தண்ணி ரூமுக்கு வருகிறவர்களுடையதைப்போல், உப்பியிருந்தன.

“அடுத்த ஆள் வரலாமா சிஸ்டர்?” என்று வாசலிலிருந்து கேட்டார்கள். இருக்கச் சொல்லிக் கையமர்த்தினாள்.

தரையில் குந்தி உட்கார்ந்தாள். அவருடைய வேட்டிக் கரையை ஒதுக்கி, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நன்றாக அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடத்தில் குழி விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். குழி மேலே வரவில்லை.

“என்னம்மா பண்றே அங்கே?” என்று மூடிய கண்ணோடு கேட்டார் தெய்வசிகாமணி.

அன்னக்கொடி அவருடைய மற்றக் காலின் செருப்பு வாரை அவிழ்த்தாள்.